பெட்டி மதில் தாண்டும்போது

எங்கள் கிடங்கில் தினமும் காலையில் ஆபத்து தேடுவோம். வானொலிப் பாட்டுக்குக் கைகால் வீசி உடற்பயிற்சி முடித்ததும் வட்டமாக நிற்போம். இன்றைக்கு என்ன ஆபத்து வரலாம் என்று ஒருவர் சொல்லவேண்டும், அதற்கு என்ன செய்வது என்று இன்னொருவர் சொல்லவேண்டும். பிறகு எல்லோரும் விரலை நீட்டி "யோஷி!", அதாவது "சரி!", என்று ஒரே குரலில் கத்திவிட்டு வேலைக்குப் போவோம். நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வருஷம் முழுக்க நாளுக்கொரு புது ஆபத்துக்கு எங்கே போவது? எங்கள் குழுவில் ஒரு புண்ணியவான் ஆகஸ்டு வெயிலில் "படிக்கட்டில் பனி வழுக்கலாம்" என்றான். நாங்களும் விரலை நீட்டி யோஷி என்றோம்.

ஜப்பானின் ஹொன்ஷு தீவின் வடகோடியில் கடலை ஒட்டி இருக்கிறது கிடங்கு. அணுமின் நிலையங்களில் கழித்துப் போட்ட கையுறை, வடிகட்டி, குழாய்த் துண்டு எல்லாவற்றையும் சிமெண்டில் புதைத்து, இரும்புப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்புவார்கள். நாங்கள் அவற்றைக் கிரேனில் தூக்கி கான்கிரீட் அறைகளில் அடுக்குவோம். நான் அங்கே வேலை செய்கிறேன் என்று தெரிந்தால் வெளியூர்க்காரர்கள் ரயிலில் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். பெட்டி மூடியிருக்கும்வரை அதன் பக்கத்தில் நின்று வேலை பார்ப்பதைவிட என் மைத்துனன் ஓட்டும் காரில் ஏறுவதுதான் ஆபத்து. எங்கள் கவலையெல்லாம் பெட்டி கீழே விழுந்து விரியக்கூடாது என்பது மட்டும்தான்.

அதே மாதிரிப் பெட்டியை மார்பளவு உயரத்திலிருந்து தரையில் போட்டுச் சோதித்திருக்கிறார்கள், விரியவில்லை. அதனால் மார்பளவுக்கு மேல் தூக்காதே என்பது எங்கள் வேதம். ஒரே ஒரு இடத்தில் அந்த வேதம் செல்லாது. பெட்டி வந்து இறங்கும் இடத்துக்கும் அடுக்கும் அறைகளுக்கும் நடுவே ஒரு கான்கிரீட் மதில் இருக்கிறது. அதைத் தாண்டுவதற்கு ஆளுயரத்துக்கு மேலே தூக்கித்தான் ஆகவேண்டும். பெட்டி மதில் தாண்டும் அந்தக் கொஞ்ச நேரம் கிடங்கில் யாரும் தும்மக்கூட மாட்டோம்.

அந்த மதிலுக்கு மேலேதான் பெட்டி ஆடியது. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

கிரேன் ஓட்டுவது கொமுகாய் சயோ. கணவாய் மீன் பிடிக்கும் படகுக்காரரின் மகள். மீன் சந்தையில் பாரவண்டி ஓட்டிக்கொண்டே கிரேன் உரிமம் எடுத்தவள். கூரைக்குக் கீழே தொங்கும் கண்ணாடிக் கூண்டில் அவள் உட்கார்ந்திருப்பாள். கீழே தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று அவளுக்குக் கைச்சைகை காட்டுவது என் வேலை. அவள் கை எவ்வளவு நிதானம் என்று எனக்குத் தெரியும். அவள் இறக்கும் பெட்டி தரையைத் தொட்டதா என்று குனிந்து பார்த்துத்தான் சொல்லவேண்டியிருக்கும். அப்படிப்பட்டவள் கையில் பெட்டி ஊஞ்சல் ஆடினால் நான் என்னவென்று நினைப்பது?

முதல் தடவை ஆடியபோது மாகாண அதிகாரிகள் வந்திருந்தார்கள். இரண்டாவது தடவை ஊர் மாதர் சங்கத்தார். இரண்டு முறையும் மேலாளர் ஓகிதாவே அவர்களைக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்துப்போய்த் திரையில் வேலையைக் காட்டிக்கொண்டிருந்தார். பெட்டி எதிலும் இடிக்கவில்லை, நான் சைகை காட்டி நிறுத்திவிட்டேன். ஆனால் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். கூட்டத்தைக் கண்டால் அந்தப் பெண்ணுக்குக் கை நடுங்குகிறது என்ற பேச்சு கேண்டீனில் குழம்புச் சட்டியோடு கொதிக்க ஆரம்பித்தது.

"கூட்டம் பாத்து நடுங்கறதுக்கு நான் என்ன மேடையில பாட்டா பாடறேன்?" என்றாள் சயோ, தட்டில் இருந்த பொரித்த கணவாயைக் குத்திக்கொண்டு. "மேல கூண்டுல இருந்து பாத்தா எனக்குப் பெட்டியும் உங்க மஞ்ச ஹெல்மெட்டும்தான் தெரியும். வேற யாரும் தெரிய மாட்டாங்க."

"என் ஹெல்மெட்டைப் பாத்து நடுங்கியிருப்பே."

"தொசாவா சான், விளையாடாதீங்க." அவள் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டாள். "நெம்புகோல் அசைஞ்சதுன்னு கிரேன்ல பதிவாகியிருக்காம். நான் அசைக்கலைன்னு சொன்னேன். மேலாளர் ஒண்ணும் திட்டலை. 'அப்படியா'ன்னு மட்டும் சொன்னாரு. அந்த 'அப்படியா' இருக்கே, அதுக்குப் பதிலா நாலு அறை விட்டிருக்கலாம். வேலை போனா போகட்டும். பொய்க்காரின்னு பேரோட போகணுமா?"

என் தட்டிலிருந்த கணவாயையும் அவள் தட்டுக்குத் தள்ளினேன். அவள் அதையும் குத்தினாள், சாப்பிடவில்லை.

மறுவாரம் டோக்கியோவிலிருந்து மினாசே என்ற அம்மாள் வந்தார். விபத்து நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு கேடு என்று கணக்கிட்டுச் சொல்வது அவர் தொழில். குறை இயந்திரத்திலா ஆளிலா என்று அவர் சொல்லவேண்டும். ஆளில் என்றால் சயோ கீழே இறங்கவேண்டியதுதான். தலைமை அலுவலகத்திலிருந்து வேறு ஓட்டுநரை அனுப்புவதாக மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது.

வரப்போவது முறைப்பான ஆள் என்று நினைத்திருந்தோம். வந்தவர் குள்ளமாக, உருண்டையாக, சிரித்த முகமாக இருந்தார். காலை வட்டத்தில் எங்களோடு நின்றார். "படிக்கட்டில் வழுக்கலாம்" என்று ஒருவன் தொடங்கினான்.

"நேத்து யாராவது வழுக்கினீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றோம்.

"போன வருஷம்?"

அப்போதும் இல்லை. அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "சரி, நெஜமா உங்களுக்கு வயிறு கலங்கறது எதுக்கு? அதைச் சொல்லுங்க."

எங்களுக்கு அது பழக்கமில்லை. ஒருவன் ஹெல்மெட்டைச் சரிசெய்தான், இன்னொருவன் தரையைப் பார்த்தான். கடைசியில் நான்தான் வாயைத் திறந்தேன். "பெட்டி மதிலைத் தாண்டறப்ப. எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்."

"அப்பாடா, ஒரு ஆபத்து கெடைச்சுது," என்றார் அந்த அம்மாள், பிறந்தநாள் பரிசு வாங்கியவர் மாதிரி.

அவர் கம்பிவடத்தைத் தடவிப் பார்த்தார். பிரேக்கைப் பிரிக்கச் சொன்னார். கொக்கியின் கீழே படுத்து மேலே பார்த்தார், எழுந்திருக்க நான் கை கொடுக்கவேண்டியிருந்தது. கிரேனில் ஒரு குறையும் இல்லை. பிறகு வெறும் கல் நிரப்பிய பழகுபெட்டி ஒன்றை மதிலுக்கு மேலே கொண்டுபோய்க் கொண்டுவரச் சொன்னார். சயோ காலையெல்லாம் கொண்டுபோனாள், மாலையெல்லாம் கொண்டுவந்தாள். பெட்டி மூச்சுக்கூட விடவில்லை. வேண்டுமென்றே எங்கள் ஆட்களைக் கூட்டமாக நிறுத்திக் கைதட்டச் சொன்னார். அதற்கும் அசையவில்லை.

"வசமா மாட்டிக்கிட்டேன்," என்றார் மினாசே, கேண்டீனில் என் எதிரே உட்கார்ந்து. இரண்டாவது தட்டு சோறு வாங்கியிருந்தார். "நெம்புகோல் அசைஞ்சதுன்னு பதிவு இருக்கு, அதுல தப்பில்ல. அந்தப் பொண்ணு அசைக்கலைன்னு சொல்லுது. நானும் எத்தனையோ பேரை விசாரிச்சிருக்கேன், அது பொய் சொல்ற மூஞ்சி இல்ல. ரெண்டும் நெஜம்னா எனக்குச் சோறு எறங்காது."

எனக்குத் தெரிந்தவரை நன்றாகவே இறங்கியது. ஆனால் அவர் சயோவை நம்பினார் என்பதற்காக மூன்றாவது தட்டு கேட்டிருந்தாலும் நானே வாங்கிக் கொடுத்திருப்பேன்.

விசாரணையின் கடைசி நாளும் வந்தது. மினாசே அன்றைக்குக் கூண்டுக்குள் ஏறி, சயோவின் பின்னால் இருந்த குட்டி மணையில் எப்படியோ தன்னை அடக்கி உட்கார்ந்துகொண்டார். பழகுபெட்டியைக் கடைசியாக ஒரு தடவை கொண்டுபோகவேண்டும். மேலாளர் ஓகிதா கட்டுப்பாட்டு அறையில் திரைக்கு முன்னால் நின்றிருந்தார். அவர் மனசு ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது என்று எங்களுக்குத் தெரியும். கெட்ட மனிதர் அல்ல. ஆளை மாற்றுவதாக இருந்தாலும் மரியாதையாக மாற்றவேண்டும் என்று நினைப்பவர்.

பெட்டி மேலே எழுந்தது. நான் கையை வீசினேன். மதிலுக்கு மேலே வந்தது, மறுபக்கம் முக்கால்வாசி தாண்டியது. என் காதிலிருந்த கருவியில் மேலாளரின் குரல் கேட்டது. அந்தத் தடத்தில் பேசினால் என் காதிலும் கேட்கும், கூண்டிலும் கேட்கும்.

"கொமுகாய் சான், இத்தனை வருஷம் ரொம்ப சிரமப்பட்டு உழைச்சீங்க. மனசார நன்றி."

"நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும்," என்றது சயோவின் குரல்.

பெட்டி ஒரு வெட்டு வெட்டி முன்னே பாய்ந்தது, பின்னே வந்தது, மறுபடி முன்னே போனது. நான் இரண்டு கைகளையும் விரித்து நிறுத்தச் சைகை காட்டினேன். போச்சு, எல்லாம் போச்சு. அவள் ஊஞ்சலைப் பிடித்துப் பெட்டியை மெல்ல அடக்கி இறக்கினாள். அந்த அமைதியில் கூண்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் யாரோ அழுகிறார்கள் என்று நினைத்தேன். மினாசே சிரித்துக்கொண்டிருந்தார்.

"யாரும் எங்கயும் போகாதீங்க," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. "கொக்கியைக் கழட்டி விடுங்க. தொசாவா சான், நீங்க கட்டுப்பாட்டு அறைக்கு வாங்க. இதை நீங்களும் பாக்கணும்."

நான் போய்ச் சேர்வதற்குள் அவர் கீழே இறங்கி வந்துவிட்டார். தன் கைப்பேசியைக் கூண்டிலேயே சாய்த்துவைத்துவிட்டு வந்திருந்தார். அதன் வழியாகப் பெரிய திரையில் சயோவின் முகமும் நெம்புகோல்களைப் பிடித்த இரண்டு கைகளும் தெரிந்தன. முகம் வெளுத்திருந்தது. கிரேனில் வெறும் கொக்கி மட்டும் தொங்கியது.

"மேலாளர் சார், அதே மாதிரி மறுபடியும் நன்றி சொல்லுங்க," என்றார் மினாசே.

மேலாளருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மைக்கின் முன்னால் நின்று தொண்டையைச் செருமினார். "கொமுகாய் சான், மனசார நன்றி."

திரையில் சயோ "நன்றி" என்று பதில் சொல்லிக்கொண்டே இடுப்பை வளைத்துத் தலையைத் தாழ்த்தினாள். தலை முன்னே போனது, தோள் முன்னே போனது, கைகளும் நெம்புகோலோடு முன்னே போயின. கொக்கி ஆடியது.

எனக்கு வாய் பிளந்துகொண்டது. குரலுக்கு வணக்கம்! கண்ணெதிரே யாரும் இல்லாத கூண்டில், வெறும் ஒலிபெருக்கிக்கு வணக்கம்!

"இப்ப கொஞ்சம் திட்டுங்க."

"எதுக்குத் திட்டணும்?"

"ஆராய்ச்சிக்குத்தான். சும்மா திட்டுங்க."

மேலாளர் எங்களைப் பார்த்துச் சங்கடப்பட்டார். "கொமுகாய் சான், அது வந்து... போன மாசம் கையுறையைக் காயவெச்ச எடம் சரியில்ல."

"மன்னிச்சிடுங்க!" சயோவின் நெற்றி கண்ணாடியை முட்டப் பார்த்தது. கொக்கி முன்னைவிட அதிகமாக ஆடியது.

"இப்ப, 'வலது பக்கம், மெதுவா'ன்னு மட்டும் சொல்லுங்க. மரியாதைக்குச் சேர்க்கற சான், சார் எதுவும் வேண்டாம்."

"வலது பக்கம், மெதுவா."

கொக்கி வெண்ணெயில் வழுக்குவதுபோல் வலது பக்கம் போனது.

அறையில் இருந்த எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த இரண்டு முறையும் என்ன நடந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாதாரண நாளில் மேலாளர் அந்தத் தடத்தில் பேசவே மாட்டார். விருந்தாளிகளை அழைத்து வந்தால்தான் பேசுவார். பெட்டி மதிலைத் தாண்டும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தாண்டப்போகிறது என்றதும் நிம்மதி தாங்காமல் நன்றி சொல்லிவிடுவார். எங்கே அசையக்கூடாதோ, சரியாக அங்கே.

"இதுக்கு ஒரே வழி," என்றார் மேலாளர், முகம் சிவந்து. "வேலை நேரத்துல யாரும் குனியக்கூடாதுன்னு உத்தரவு போட்டுடறேன். கட்டுப்பாடு இருந்தா முடியாததா? நான்லாம் மைக்ல பேசறப்ப குனியறதே இல்லையே."

பேசும்போதெல்லாம் அவர் குனிந்ததை நாங்கள் அத்தனை பேரும் பார்த்திருந்தோம். ஆனால் மேலாளரிடம் அதை எவன் சொல்வது? நல்லவேளையாக அவர் கைப்பேசி அடித்தது. தலைமை அலுவலகம்.

"வணக்கம், ஓகிதா பேசறேன்," என்று குனிந்தார். "ஆமாங்க, ஆமாங்க," என்று இன்னும் குனிந்தார். "ரொம்ப நன்றிங்க," என்று அவர் கடைசியாகக் குனிந்தபோது நெற்றி மைக்கில் போய் டொக்கென்று இடித்தது. கூண்டின் ஒலிபெருக்கியிலும் என் காதுக் கருவியிலும் டொக்.

கூண்டிலிருந்து சயோவின் குரல் பதறியது. "மேலாளர் சார், ஏதாவது விழுந்துடுச்சா?"

மினாசே நாற்காலியில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன், என் தோள் குலுங்குவது தெரிந்தால் தெரியட்டும் என்று. மேலாளர் நெற்றியைத் தடவிக்கொண்டு எங்களைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"உத்தரவு போட்டு இதை நிறுத்த முடியாது சார்," என்றார் மினாசே, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உடம்பு தானா செய்யறதுக்கு உத்தரவு தெரியாது. ஜாக்கிரதையா இருன்னு ஆள்கிட்ட சொல்றது எனக்கு எப்பவும் கடைசி வழிதான். மொதல்ல ஆபத்தோட வேரை எடுக்கணும். பெட்டி தொங்கறப்ப அந்தத் தடத்துல நன்றி, மன்னிப்பு, சான் எதுவும் வரக்கூடாது. சைகைக்காரர் தவிர யாரும் பேசவும் கூடாது. ரெண்டாவது, நெம்புகோல்ல ஒரு பொத்தான் வைங்க. கட்டைவிரல் அதை அழுத்தினாத்தான் நெம்புகோல் வேலை செய்யணும். யாராவது பேசினா விரலை எடுத்துட்டுக் குனியட்டும். வேகமும் ஒரேயடியா மாறாம, மெதுவாவே கூடட்டும், மெதுவாவே கொறையட்டும்."

பிறகு அவர் மைக்கை எடுத்தார். "கொமுகாய், நீங்க சொன்னது நெஜம். நீங்க அசைக்கல. உங்க மரியாதைதான் அசைச்சுது."

திரையில் சயோ கையுறையால் மூக்கைத் துடைத்தாள். நன்றி சொல்ல வாயெடுத்து, நெம்புகோலைப் பார்த்து, இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தலை தாழ்த்தினாள். கொக்கி அசையவில்லை.

அந்த விதியைக் கடைப்பிடிக்க நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! பிறந்ததிலிருந்து வணக்கமும் மன்னிப்பும் சொல்லியே வளர்ந்த வாயால் "தூக்கு", "நிறுத்து", "இறக்கு" என்று மொட்டையாகச் சொல்லவேண்டும். முதல் வாரம் ஒருவரோடொருவர் சண்டை போட்டதுபோலவே இருந்தது. வேலை முடிந்ததும் உடைமாற்றும் அறையில் எல்லோரும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்வோம். காலை வட்டத்தில் "இன்றைய ஆபத்து, நன்றி!" என்று நான் சொன்னேன். எல்லோரும் விரலை நீட்டி யோஷி என்றார்கள். படிக்கட்டுப் பனிக்கு அன்றோடு விடுதலை.

கூண்டில் புதுப் பொத்தான் பொருத்தியாயிற்று. மாகாண அதிகாரிகள் மறுபடி வந்தார்கள். இம்முறை உண்மையான பெட்டி, உண்மையான மதில். யாழ் தந்தியைப்போல் கம்பிவடம் விறைத்து நின்றது. நான் கையை வீசினேன். பெட்டி மதிலுக்கு மேலே வந்தது. என் காதில் எதுவும் கேட்கவில்லை. ஓரக்கண்ணால் கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடியைப் பார்த்தேன். மேலாளர் ஓகிதா ஒரு கையால் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார், இன்னொரு கையால் பக்கத்திலிருந்த அதிகாரியின் வாயைப் பொத்தலாமா என்று யோசிப்பவர் மாதிரி. பெட்டி ஆடாமல் அசையாமல் தாண்டி, அறைக்குள் இறங்கி, தன் இடத்தில் உட்கார்ந்தது. தொட்டதா என்று நான் குனிந்துதான் பார்த்தேன்.

சயோ நெம்புகோல்களைப் பூட்டிவிட்டு ஏணியில் இறங்கி வந்தாள். மேலாளர் விருந்தாளிகளை அப்படியே விட்டுவிட்டுக் கிட்டத்தட்ட ஓடிவந்தார். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம், எங்கள் அத்தனை பேருக்கும் முன்னால் அவள் எதிரே நின்றார்.

"கொமுகாய் சான். நீங்க அசைக்கலைன்னு சொன்னீங்க. நான் நம்பலை. தப்பு என்மேலதான். மன்னிச்சிடுங்க."

மேலாளர்கள் கிரேன் ஓட்டுகிறவர்களுக்குக் குனிகிற அளவு ஒன்று இருக்கிறது. அவர் அதையெல்லாம் தாண்டி, இடுப்பு மடிய, முதுகு தரைக்குச் சமமாகும்வரை குனிந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் எதிரே ஒருவர் அப்படிக் குனிந்தால் சயோவால் சும்மா நிற்க முடியுமா? அவளும் அவசரமாக அதே அளவுக்குக் குனிந்தாள். இரண்டு ஹெல்மெட்டும் டொக்கென்று முட்டின.

நாளைக் காலை வட்டத்தில் என்ன ஆபத்து சொல்வது என்ற கவலை எனக்கு அப்போதே தீர்ந்தது.